அடுத்து செருப்பு வரும்

எங்கள் வீட்டு டிவிக்கு அப்பாயி வைத்த பெயர் ‘பொட்டி’. அப்பா தவணையில் வாங்கிய டயனோரா. அதன் மேல் அம்மா பின்னிய வெள்ளை நூல் விரிப்பு, விரிப்பின் மேல் தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை. சத்தம் அதிகமாக வைத்தால் பொம்மை தானாகவே தலையாட்டும். மெட்டி ஒலி பாட்டுக் கேட்டதும் அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து உட்காருவாள். கூடத்தில் எல்லோரும் பொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அப்பாயி மட்டும் திண்ணையில், தெருவைப் பார்த்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருப்பாள்.

2004ஆம் வருஷத்தில் எங்கள் ஊர் கும்பகோணம் இரண்டு தடவை டிவியில் வந்தது.

முதல் தடவை மார்ச் 6, மகாமகம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாள். எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு நாலு. மகாமகக் குளத்தைச் சுற்றி நிற்கிற பதினாறு மண்டபங்களையும் நான் எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறேன். ஆனால் டிவியில் மேலேயிருந்து காட்டும்போதுதான் அது எவ்வளவு பெரிய குளம் என்று தெரிந்தது. தண்ணீரே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. “நம்ம ஊரு! நம்ம ஊரு!” என்று நானும் தங்கச்சியும் குதித்தோம். அவள் திரைக்குக் கிட்டே போய் எங்கள் வீட்டைத் தேடினாள். கும்பேஸ்வரர் கோயில் கோபுரம் வந்தபோது, தினமும் பார்க்கிற கோபுரத்தைப் புதுசாகப் பார்ப்பதுபோல வாயைப் பிளந்தோம். டிவியில் வந்துவிட்டால் ஒரு பொருளுக்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது.

அப்பாயி குளத்துக்கும் போகவில்லை, பொட்டி பக்கமும் வரவில்லை. கொல்லையில் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, “எல்லாத் தண்ணியும் இன்னிக்கு மகாமகத் தண்ணிதான்” என்றாள். 1992 பிப்ரவரி 18 அன்று நடந்த மகாமகத்துக்கு அவள் போயிருந்தாள். நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன அந்த மகாமகம். பக்கத்து வீட்டுக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள், பிடித்த கை நழுவி, பிறகு சாயங்காலம்தான் அந்தக் கிழவியை வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தாளாம். அவளிடம் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். “ஒரு சத்தம் கேட்டுச்சு. ஊரே ஒரே நேரத்துல மூச்ச உள்ள இழுத்த மாதிரி.” அதற்கு மேல் பேசமாட்டாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கிவிடுவாள்.

இரண்டாவது தடவை ஜூலை 16.

அன்று வெள்ளிக்கிழமை. ஆடி பிறக்கிற நேரம். நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் முதல் பீரியட் முடிந்து கணக்கு நடந்துகொண்டிருந்தது. பதினொரு மணி இருக்கும். வெளியே மணி அடித்துக்கொண்டே ஒரு வண்டி போனது. அதன் பின்னால் இன்னொன்று. டீச்சர்கள் வராந்தாவில் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒரு டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். டீச்சர் அழுவார் என்றே எனக்கு அதுவரை தெரியாது. வீட்டிலிருந்து ஆள் வந்தால்தான் பிள்ளைகளை விடுவோம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அப்பா சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாமல் கீழே தள்ளிவிட்டு ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் தடவவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார். முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அந்தக் கைப் பரிசோதனைக்கு அர்த்தம் புரியப் பல வருஷம் ஆனது.

காசிராமன் தெருப் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். மேல் மாடியில் கீற்றுக் கூரை. சத்துணவுச் சமையலில் பறந்த பொறி கீற்றில் பற்றியது. மாடியிலிருந்து இறங்க இருந்த படி குறுகலானது, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டுச் சல்லடை. எரிந்த மூங்கிலும் கீற்றும் பிள்ளைகள் மேலேயே விழுந்தன. 94 குழந்தைகள். பெரும்பாலும் என் வயதும் என்னைவிடச் சின்னதும். இவையெல்லாம் பிறகு, தீயை விசாரித்த சம்பத் கமிஷனிலும் கோர்ட்டிலும் வெளிவந்து, நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது, வீட்டுக்குள் நுழைந்ததும் டிவி ஓடிக்கொண்டிருந்தது, திரையின் அடியில் ‘கும்பகோணம்’ என்று எழுத்து ஓடியது, என் வாயில் தானாக வந்த வார்த்தை “நம்ம ஊரு!” என்பதாக இருந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்தால் காது சூடாகிறது.

அன்று பார்த்ததை விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு வேண்டாம். என் உடம்பு என்ன செய்தது என்று மட்டும் சொல்கிறேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வாந்தி வந்தது. கொல்லைக்கு ஓடினேன். ராத்திரி அம்மாவின் முந்தானையை இரண்டு சுற்று என் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். கீழ்வீட்டில் யாரோ தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த ‘சொய்ங்’ சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை வாந்தி வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது. ஊரே கடையடைப்பு. பள்ளிக்கூடம் இல்லை. வெளியே விளையாட விடவில்லை. கேபிள் இல்லாத இரண்டு வீட்டிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். “அய்யோ, அய்யோ” என்றார்கள். படம் ஒரு சுற்று முடிந்து விளம்பரம் வரும். நகைக்கடைக்காரர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும் ஆடித் தள்ளுபடி சொல்வார்கள். விளம்பரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மறுபடி “அய்யோ.” சாயங்காலத்துக்குள் அந்த “அய்யோ” கொஞ்சம் கொஞ்சமாக “ச்சு” ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் டிவி முன்னால் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

அன்றைக்குள் எனக்கு வரிசை பாடமாகியிருந்தது. முதலில் ஆம்புலன்ஸ். அதன் கதவு திறக்கும். கேமரா ஆடும். அப்புறம் கரி படிந்த சுவர். அடுத்து தரையில் கிடக்கிற சின்னச் செருப்புகள். ஒன்று நீல வார், ஒன்று வார் அறுந்தது. அதற்கடுத்து தலைவிரி கோலமாக ஓர் அம்மா, இரண்டு பேர் பிடித்திழுக்க, மண்ணை வாரி இறைப்பார். அடுத்து ஓர் அதிகாரி, வெள்ளைச் சட்டை, நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேசுவார். அவர் முடித்ததும் விளம்பரம். எந்த இடத்தில் அழுகைச் சத்தம் உயரும் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் செய்தி வாசிக்கிறவர் குரலைத் தாழ்த்துவார் என்று தெரியும். அந்தச் சத்தம் உயரும்போது பொட்டியின் மேலிருந்த பொம்மை தலையாட்டும் என்பதுகூடத் தெரியும். புதிதாக யாராவது உள்ளே வந்து உட்கார்ந்தால், “அடுத்து செருப்பு வரும் பாருங்க” என்று முன்கூட்டியே சொல்வேன். சினிமாவை இரண்டாம் தடவை பார்க்கிறவர் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கதை சொல்வதுபோல. செருப்பு வரும். நான் சொன்னது சரியாக இருக்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.

மனசு கல்லாகிவிட்டது என்று இதைச் சொல்லலாம். எனக்கு அது சரியான வார்த்தையாகத் தோன்றவில்லை. மனசு அங்கேயேதான் இருந்தது. கண்தான் முன்னால் ஓடிவிட்டது. இப்போது வருவதைப் பார்க்காமல், அடுத்து வரப்போவதற்குக் காத்திருந்தேன். செருப்பு வரும்போது அம்மாவுக்குக் காத்திருந்தேன். அம்மா வரும்போது அதிகாரிக்கு. எல்லாவற்றையும் பார்த்தும் எதையும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு வெற்றிலை மண்டியில் வேலை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலை நூறு சேர்ந்தால் ஒரு கவுளி. அவர் கவுளி கட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். வெற்றிலையைப் பார்க்கவே மாட்டார். தெருவில் போகிறவரோடு பேசிக்கொண்டே விரல் எண்ணிக்கொண்டு போகும். ஒரு நாள் நானும் எண்ணுகிறேன் என்று உட்கார்ந்து, ஒவ்வொரு வெற்றிலையின் நரம்பையும் காம்பையும் பார்த்துக்கொண்டே எண்ணி, முப்பதுக்குள் கணக்கை விட்டுவிட்டேன். “எண்ணும்போது எலயப் பாக்கக் கூடாது ஆயி. பாத்தா கணக்கு தப்பும்” என்று சிரித்தார். டிவியின் அடியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போன அந்த நாட்களில் அப்பா அதைப் பார்க்கவில்லை. செய்தி வாசிக்கிறவர் எண்ணிக்கை சொல்லத் தொடங்கும்போதெல்லாம் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். எண்ணுகிற தொழில்காரர் அந்த ஒரு கணக்கை மட்டும் கேட்க மறுத்தார்.

வீட்டில் வரிசை பாடமாகாத ஆள் என் தங்கச்சிதான். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுசு. ஒரு சுற்று ஓடி முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போது, அலறிக்கொண்டு அப்பாயியின் மடிக்கு ஓடுவாள். “இன்னொரு ஸ்கூல் எரியுது அப்பாயி!” நான் சிரித்தேன். “லூசு, அதே ஸ்கூல்தான்டி” என்றேன். அவள் நம்பவில்லை. கையைத் தூக்கி விரலை விட்டுக் காட்டினாள். காலையிலிருந்து அவள் பார்த்த எரிந்த பள்ளிக்கூடங்கள். இரண்டு கை விரலும் போதவில்லை. அடுத்த வாரம் பால்வாடிக்குப் போகச் சொன்னபோது வாசல் தூணைக் கட்டிக்கொண்டு கத்தினாள். “எல்லா ஸ்கூலும் எரிஞ்சிடுச்சு. நம்ம ஸ்கூல் ஒண்ணுதான் பாக்கி.”

பல வருஷம் கழித்துத் தெரிந்தது, இது என் தங்கச்சியின் கிறுக்கு மட்டுமல்ல என்று. 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரம் இடிந்த காட்சியை டிவிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டபோது, சின்னக் குழந்தைகள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கோபுரம் இடிகிறது என்று எடுத்துக்கொள்வார்கள், அவர்களை டிவி முன்னால் உட்காரவைக்காதீர்கள் என்று அமெரிக்காவில் மனநல மருத்துவர்கள் பெற்றோர்களுக்குச் சொன்னார்கள். படித்தபோது தங்கச்சியின் விரல்கள் கண்முன் வந்தன. எனக்கு எண்ணிக்கை சரி, ஒரே ஒரு பள்ளிதான். அவளுக்கு எண்ணிக்கை தப்பு. ஆனால் எரிவதை ஒவ்வொரு தடவையும் பார்த்தது அவள்தான்.

பூக்கார அக்கா ஒரு வாரம் கழித்து வந்தார்.

தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் கூடையை இறக்கி, முழங்கையில் அளந்து, அளந்ததற்கு மேல் ஒரு நாலு விரற்கடை தாராளமாக விட்டுக் கிள்ளிக் கொடுப்பார். தீப்பிடித்த நாளிலிருந்து வரவில்லை. யாரோ உறவுக்காரப் பிள்ளை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்று வந்தவரிடம் கூடை இல்லை. பாக்கி வாங்கத்தான் வந்திருந்தார். அம்மா சில்லறை எடுக்க உள்ளே போனாள். அக்கா நிலைப்படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னால் சம்மணம் போட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா காசோடு வந்தவள், அக்கா பார்ப்பதைக் கண்டு பதறி, “ஏ, அதை அணைடி முதல்ல” என்றாள். நான் எழுந்தேன்.

“வேணாம் தாயி, அணைக்காத” என்றார் அக்கா. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அதற்குள் அந்தக் காட்சி போய்விட்டது. அதிகாரி பேசிக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சே. இன்னொருக்கா போடுவாங்களா?” என்று என்னிடம்தான் கேட்டார்.

பத்து வயதில் நான் ஒரு விஷயத்தில் நிபுணி. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியும். சொன்னேன். “இவரு பேசி முடிச்சதும் வெளம்பரம் வரும். அப்புறம் ஆம்புலன்ஸ், அப்புறம் சுவரு, அடுத்து செருப்பு வரும், அதுக்கடுத்து ஒரு அம்மா மண்ணு வாரிப் போடுவாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “ஒனக்கு எல்லாம் மனப்பாடமா இருக்கே, ஆயி” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் மனப்பாடம்தான்.

ஆடித் தள்ளுபடி வந்தது. ஒரு குடும்பமே பட்டுடுத்திச் சிரித்தது. அக்கா அசையாமல் அதையும் பார்த்தார். ஷாம்பு வந்தது, டீத்தூள் வந்தது. நான் எழுதுவதுபோல நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. கதவு திறந்தது.

“தோ, தோ!” என்று அக்கா முழங்காலில் எழுந்து, திரையின் இடது ஓரத்தில் விரல் வைத்தார். “இதான் என் தங்கச்சி.”

எத்தனை தடவை பார்த்திருப்பேன், அந்த ஓரத்தில் ஒருத்தி நிற்பதை அன்றுதான் கண்டேன். ஆம்புலன்ஸ் கதவுக்குப் பின்னால், கூட்டத்தில் நசுங்காமல் கொஞ்சம் தள்ளி. ரோஸ் கலர் புடவை. கையில் ஒரு பால் தூக்கு. அழவில்லை. எட்டி எட்டிப் பார்த்தாள். இரண்டு மூன்று விநாடி இருக்கும். கேமரா ஆடியது, சுவர் வந்துவிட்டது.

“பால் வாங்கப் போன தூக்கோட அப்பிடியே ஓடியிருக்கு. அப்ப அதுக்குத் தெரியாது தாயி. புள்ள உள்ள எங்கயோ நிக்கிது, கூப்புட்டா வந்துரும்னு நெனச்சிக்கிட்டு நிக்குது. மொகத்தப் பாத்தியா? அதுக்கப்புறம் அந்த மொகம் இல்லை.”

செருப்பு வந்தது. அம்மா வந்தார், மண்ணை வாரினார். அக்கா அவற்றைப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது அந்த மூன்று விநாடி. இன்னொரு சுற்றுக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு காசை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

ஒரே படத்தை ஒரே கூடத்தில் ஒரே தரையில் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு அது ஒரு வாரப் பழைய சோறு. அவருக்கு நூறு தடவை போட்டாலும் பழசாகாது. ஏனென்றால் அவருக்கு ஆள் தெரியும்.

ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் மாடியில் இருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரித்தார்கள். மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டிருந்தது. மூங்கிலும் கீற்றும் மைதானத்தில் மலைபோலக் குவிந்தன. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் பல வாரம் வேப்பமரத்தடியில் நடந்தன. கீற்றுக் குவியலின் மேல் ஏறிச் சறுக்கி விளையாடினோம். ஒரு டீச்சர் வந்து எங்களை விரட்டிவிட்டு, அங்கேயே நின்று அந்தக் குவியலைப் பார்த்தார். நான்கு மாதம் முன்னால் வரை அதன் நிழலில்தான் அவர் எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். அது எரியும் பொருள் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. அதுவும் ஒருவகையில் பார்த்துப் பார்த்துப் பழகியதன் விளைவுதான். தினமும் கண்ணில் படுகிற ஆபத்து, ஆபத்தாகத் தெரிவதில்லை. தலைக்கு மேலே இருந்த கீற்றும் மனப்பாடம்.

டிசம்பர் 26 வந்தது. மார்கழி ஞாயிறு, அரைப்பரீட்சை விடுமுறை. நாகப்பட்டினம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. மீன் அங்கேயிருந்துதான் வரும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வருஷா வருஷம் எங்கள் வழியாகத்தான் போவார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். கடல் உள்ளே வந்த படம் ஓடியது. கரையோரத்தில் வரிசையாகக் கிடத்திய படம் ஓடியது. நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இன்னொரு சேனலில் ஒரு விஜய் படம். சாயங்காலமே வரிசை பிடிபட்டுவிட்டது எனக்கு. முதலில் அலை, பிறகு கவிழ்ந்த படகு, பிறகு கிடத்தியவர்கள்.

“அம்மா, இதேதான் போட்டுக்கிட்டே இருக்கான். மாத்தும்மா” என்றேன்.

பதில் திண்ணையிலிருந்து வந்தது. அப்பாயி உள்ளே வந்தாள். பொட்டி முன்னால் அவள் வந்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கையிலிருந்த வெற்றிலையை மடித்து என் வாயில் திணித்தாள். சுண்ணாம்பு. நாக்கு எரிந்து, கண்ணில் நீர் முட்டி, துப்பக் கொல்லைக்கு ஓடினேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து அழுதேன்.

“வாய் வெந்துபோச்சா?” என்றாள். “எனக்கும் மொத நாளு வெந்துச்சு. இப்ப எவ்வளவு தடவுனாலும் தெரியாது. தெரியலைன்னா என்ன அர்த்தம்? சுண்ணாம்பு மாறிப்போச்சுன்னா அர்த்தம்? நாக்கு செத்துப்போச்சு ஆயி.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “பாக்க முடியலைன்னா அணைச்சிரு. பாத்தா ஒழுங்கா பாரு. மாத்தாத.”

அன்றைக்குப் பொட்டியை அணைத்தோம். அம்மா பழைய புடவைகளை எடுத்து மூட்டை கட்டினாள். அப்பா மண்டியில் எல்லோரும் சேர்ந்து அனுப்பிய லாரியில் அரிசி மூட்டையோடு அந்தத் துணி மூட்டையும் நாகைக்குப் போனது. அப்பாயி தன் ஒரே கம்பளியைக் கொடுத்தாள். மிச்ச மார்கழி முழுக்க அவள் குளிரில் நடுங்கினாள்.

கல்லூரியில் படிக்கும்போது அப்பாயியின் சுண்ணாம்புப் பாடத்தை வேறொரு வேஷத்தில் பார்த்தேன். 1980களில் அமெரிக்காவில் டேனியல் லின்ஸ், எட்வர்ட் டோனர்ஸ்டீன் என்கிற ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி ஆண்களை உட்காரவைத்து, பெண்களைக் குரூரமாகக் கொல்லும் படங்களை நாளுக்கொன்றாகக் காட்டினார்கள். முதல் நாள் பதற்றப்பட்டவர்கள் நாளாக நாளாகப் பதறவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிறகு அவர்களுக்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். பாலியல் வன்முறை வழக்கு ஒன்றின் விசாரணையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தப் படங்களைப் பார்க்காதவர்களைவிட இவர்கள் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் குறைவாகவே இரக்கம் காட்டினார்கள். மரத்துப்போனது திரைக்குள் நிற்பதில்லை, வெளியே வந்து எதிரில் நிற்கும் ஆளையும் தொடுகிறது என்பதுதான் அதில் என்னை உறுத்தியது. ஜூலையில் செருப்பைச் சொல்லிக்கொடுத்த வாய்தானே டிசம்பரில் “மாத்தும்மா” என்றது.

2014 ஜூலை 30. தீர்ப்பு வந்தது. பத்து வருஷம். தஞ்சாவூர் கோர்ட் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது, பதினொரு பேரை விடுவித்தது. சென்னையில் ஹாஸ்டல் மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு. சுவரில் மாட்டிய டிவியில் பழைய படத்தை எடுத்து ஓட்டினார்கள். நிறம் வெளிறியிருந்தது. ஆம்புலன்ஸ். என் உதடு தானாக அசைந்தது. அடுத்து சுவர். அடுத்து செருப்பு. பத்து வருஷத்துக்குப் பிறகும் ஓர் எழுத்து பிசகவில்லை.

சட்டென்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்து, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன். ஓரத்தைப் பார்க்க வேண்டும். ரோஸ் புடவை, தூக்கு, எட்டி எட்டிப் பார்க்கும் முகம். ஆம்புலன்ஸ் வந்தது. கதவு திறந்தது. இடது ஓரத்தில், அவள் நிற்கிற இடத்தில், ‘தீர்ப்பு’ என்று சிவப்பில் எழுதிய ஒரு பெட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த தோழி அண்ணாந்து டிவியைப் பார்த்துவிட்டு, சாம்பாரை ஊற்றிப் பிசைந்தபடி, “உங்க ஊருதானேடி இது? இந்தக் கிளிப்பிங்கத்தான் வருஷா வருஷம் போடுறாங்களே” என்றாள்.

“அந்தச் செவப்புப் பெட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க” என்றேன். “கையில பால் தூக்கு இருக்கும்.”

அவள் பிசைவதை நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியையே பார்த்தாள்.